அவசரப் பிரிவு

காலனியச் சட்டமன்றம் என்றதும் நம்மவர்கள் பெரிய உரைகளைத் தேடுகிறார்கள். எனக்கென்னவோ மசோதா, தெரிவுக் குழு, நிறைவேற்றம் என்று சத்தமில்லாமல் நடந்த அன்றாட அலுவல்தான் முக்கியமாகப் படுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், உப்பனாற்றை ஒட்டி நிற்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அடியில் கிடப்பதும் அதுதான்.

1894இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நேரடித் தேர்தலில் வந்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை. உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. மன்றத்தின் இந்தக் குணம் சட்டத்திலும் ஏறிவிட்டது. நிலம் பொது நோக்கத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்தால், 6ஆம் பிரிவின்படி அந்த அறிவிப்பே முடிவான சான்று. நிலத்துக்காரர் அளவு தப்புன்னு சொல்லலாம், இவ்வளவு தொகை வேணும்னு கேட்கலாம். தரமாட்டேன்னு சொல்ல இடமில்லை.

அந்த இடம் 1923இல்தான் 5ஏ பிரிவாக வந்தது: 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அதே திருத்தம் 17(4)ஐயும் கூடவே கொண்டுவந்தது. அவசரம் என்று அரசு சொல்லிவிட்டால் 5ஏ கிடையாது.

1980களில் கடலூர்ப் பேட்டை எழுந்தபோதும் நடப்பில் இருந்தது இந்தச் சட்டமே. 1984இல் நாடாளுமன்றம் ஆறுதல் தொகையை 15 சதவீதத்திலிருந்து 30 ஆக்கியது. அவசரப் பிரிவை விட்டுவைத்தது. குடிகாடு பக்கத்து நாற்றத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் புகைபோக்கி முளைப்பதற்கு முன்பே, 'பொது' என்பதில் யார் சேர்த்தி என்பது தாளில் முடிந்துவிட்ட காரியம்.

2014இல் 1894 சட்டம் ஒழிந்தது. தமிழகத் தொழிற்பேட்டைகளுக்கோ 1997இன் தனிச்சட்டம் இருக்கிறது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு நம் சட்டமன்றம் முன்தேதியிட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.