நீர்மூழ்கியில் ஊர் திரும்பியவர்கள்

பினாங்கை விட்டு வெள்ளையர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறியதையும், 1941 டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த ஆண்டே இந்தத் தீவில் ஒற்றர்களைப் பழக்கும் பள்ளி ஒன்று நடந்தது. பெயர் என்னவோ கௌரவமானது: சுயராஜ்ய இன்ஸ்டிடியூட். பொறுப்பாளர், பினாங்கு வழக்கறிஞரும் இந்திய சுதந்திர லீக் தலைவர்களில் ஒருவருமான என். ராகவன்.

பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் பிழைக்க வந்த மலையாளி இளைஞர்கள். தாய்மொழியும் ஊர்ப் பழக்கமும்தான் அவர்களுடைய தகுதி. மலபார்க் கரையில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீக்கடையில் சந்தேகம் வராமல் உட்கார ஜப்பானியனால் முடியுமா? அக்கரையை நினைத்து ஏங்கியவனின் ஊர்ப்பாசமே போர்க்கருவியானது.

இன்று உல்லாசக் கப்பல்கள் அணையும் சுவெட்டன்ஹம் துறை அப்போது நீர்மூழ்கிகளின் தளம். 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து கிளம்பிய நீர்மூழ்கி, வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட சிலரைத் தானூர் அருகே கடலில் இறக்கிவிட்டது. ரப்பர் படகில் கரையேறியவர்கள் வெகு சீக்கிரமே போலீஸ் கையில் சிக்கினார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. யார் மகன், எந்த வீடு என்று விசாரிக்காமல் நம் கடலோர ஊர்கள் யாரைத்தான் விட்டிருக்கின்றன? பாஷை சரியாக இருந்தென்ன, ஆள் புதுசு. வேறு வழிகளில் போனவர்களும் அகப்பட்டார்கள்.

வழக்கு சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் காதர், அனந்தன், வங்காளி சத்யேந்திர சந்திர பர்தன், பஞ்சாபி பௌஜா சிங் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு வயது 26. சர்க்கார் ஏட்டில் எதிரியின் ஒற்றன், சொந்த ஊரான வக்கத்தில் தியாகி.

ராகவனுக்கும் ஜப்பானியருக்கும் அதற்கு முன்பே முறிந்துவிட்டது. 1942 இறுதியில், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலும் சில பையன்களை நீர்மூழ்கிக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைகளைக் கேட்காமல் கொண்டுபோனால் பள்ளி எதற்கு என்று அவர் இழுத்துப் பூட்டினார். பதிலுக்கு அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள்.

பின்னாளில் சுதந்திர இந்தியா அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பியது. 1954 ஏப்ரல் 29 அன்று பீகிங்கில் பஞ்சசீல ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அந்தப் பினாங்கு வக்கீல்தான்.

(தொடரும்)