கைகாட்டியும் நாற்சந்தியும்

நம் குடியிருப்பிலுள்ள குடும்பத்தினர் நாள்தோறும் இருவகை விளக்குகளை நம்பியே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். ஒன்று இருப்புப்பாதையில் எரிவது. மற்றொன்று நாற்சந்தியில் எரிவது. இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதனை அறிந்தோர் சிலரே. ரயில்வே அலுவலில் நெடுங்காலம் கழித்துவிட்ட நாம் இவ்வரலாற்றினைக் கூற முற்படுவது, காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதுபோல் அன்பர்களுக்குத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

1868-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், இலண்டன் பாராளுமன்றத்தின் அருகே, சாலை வண்டிகளுக்கென ஒரு கைகாட்டி நாட்டப்பெற்றது. அதற்கு யோசனை கூறியவர் ஜான் பீக் நைட் எனும் ரயில்வே அதிகாரி. பகலில் கை நேராக நீண்டிருந்தால் வண்டிகள் நிற்றல் வேண்டும். தாழ்ந்திருந்தால் எச்சரிக்கையுடன் செல்லலாம். இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு எரிந்தது. அடுத்த திங்களிலேயே அது வெடித்து, அதனை இயக்கிய காவலர் படுகாயமுற்றார். இலண்டன் மாநகரம் மீண்டும் சாலை விளக்கினை நாடியது 1926-இல்தான்.

இதற்கிடையே அமெரிக்கர் வேறோர் உண்மையைக் கண்டனர். தனித்து நிற்கும் விளக்கு தன் சந்தியை மட்டுமே காக்கும். அடுத்த சந்தியில் நெரிசலைக் குவிக்கும். ஆகவே 1917-இல் சால்ட் லேக் நகரில் ஆறு சந்திகளின் விளக்குகளை ஒன்றாக இணைத்து ஒரே இடத்திலிருந்து இயக்கினர். 1963-இல் டொராண்டோ நகரம் அப்பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது.

இணைப்பின் சூட்சுமம் எளிய கணக்கே. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 500 மீட்டரைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். முதற்சந்தியில் பச்சை எரிந்து சரியாக ஒரு நிமிடம் கழித்து இரண்டாஞ்சந்தியிலும் பச்சை எரியுமாயின், வண்டி நில்லாமலே சென்றுவிடும். எதிர்த்திசையில் வருவோருக்கும் அக்கணக்கு பொருந்த வேண்டுமே என்பதுதான் தொல்லை.

நம் பம்பாயில் இக்கலை முதலில் இருப்புப்பாதையிலேயே சிறந்தது. 1928-இல் ஜி.ஐ.பி. ரயில்வே, விக்டோரியா டெர்மினஸுக்கும் பைகுல்லாவுக்கும் இடையே தானியங்கும் வண்ண விளக்குகளை அமைத்தது. இந்நாட்டிற்கே அதுதான் முதலாவது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடும். வண்டியின் சக்கரங்கள் ஏறியதும் அது தடைப்பட்டு, பின்னுள்ள விளக்கு சிவப்பாகிவிடும். வண்டி விலக விலக மஞ்சளும் பச்சையும் தாமே தோன்றும். காலை வேளையில் ஒரு லோக்கலின் வாலைப் பிடித்தாற்போல் மறு லோக்கல் வருவது இவ்வேற்பாட்டினாலேயாம்.

சாலைக்கு இவ்வறிவு வரப் பல பத்தாண்டுகள் சென்றன. 2002-இல் உலக வங்கி கடனுதவி அளித்த மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில், மாநகரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட சந்திகளை இணைக்கும் பணியும் இடம்பெற்றது. சாலையிலுள்ள வண்டிகளை உணர்ந்து, பச்சை எரியும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் தருவதே அதன் நோக்கம். நன்முயற்சியே. ஆனால் ரயில் ஒரே தடத்தில் செல்லும். சாலையிலோ ஸ்கூட்டரும் ரிக்ஷாவும் கைவண்டியும் கோடு பாராமல் நுழைகின்றன. கணிப்பொறி என் செய்யும்?

இனி நம் டோம்பிவிலிக்கு வருவோம். 2019-இல் கோபர் மேம்பாலம் மூடப்பட்டு, 2021-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விரண்டாண்டுகள் கிழக்கிலிருந்து மேற்கே செல்ல நாம் பட்ட பாட்டினை அன்பர்கள் மறந்திரார். விளக்கு இருக்கும் சாலையைப் பங்கிடுமேயன்றி, இல்லாத சாலையைத் தராது என்பது அப்போது நமக்கு நன்கு விளங்கிற்று.

எனினும் ஒன்று செய்யலாம் என எண்ணுகிறோம். மாலையில் ஒரு லோக்கல் நின்றவுடன் மக்கள் வெள்ளம் படியிறங்கிச் சாலையை அடைகிறது. முதியோரும் குழந்தையை ஏந்திய தாய்மாரும் ரிக்ஷாக்களின் நடுவே கைகூப்பாத குறையாகக் கடக்கின்றனர். அவ்வண்டி எந்நிமிடம் வரும் என்பது அட்டவணையில் அச்சாகியுள்ளது. தாமதமானால் எத்துணை தாமதமென்பதும் நிலையத்தார்க்குத் தெரியும். அந்நிமிடத்திற்கேற்ப, நடப்போர்க்கு அரை நிமிடம் சாலையை நிறுத்தித் தரலாகாதா? அட்டவணை நம் மேசைமீதே கிடக்கிறது. சாலைப் பக்கத்திலிருந்து எவரும் அதனைக் கேட்டு வந்ததை நாம் இதுவரை கண்டதில்லை.