திருமலை நாயக்கர் மகாலும் போடிப் பாளையமும்

மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டப்பட்டது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றிக்கொண்டபின் எழுப்பிய மாளிகை அது. இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில், அருங்காட்சியகத்தையும் உள்ளடக்கிய நினைவுச்சின்னமாக இருக்கிறது. பார்க்க வருவோர் வியந்து நிற்கும் இந்தப் பரப்பு, அன்றிருந்த அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

அரண்மனை சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என இரு பகுதிகளாக இருந்தது. முன்னது மன்னருக்கு, பின்னது அவர் தம்பி முத்தியாலு நாயக்கருக்கு. ரங்க விலாசம் போய்விட்டது. அதன் மிச்சமாகப் பத்துத் தூண்கள் மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. பெரிய மேளம் முழங்கிய இடம் நவபத்கானா தெரு என்ற பெயரில் தங்கிவிட்டது. அரண்மனை நிலத்தின் மேலேயே குடியிருப்புத் தெருக்கள் ஓடுகின்றன.

இடிப்பை வெளியாட்கள் தொடங்கவில்லை. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்குக் கொண்டுபோனபோது, அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். நாயக்கர் ஆட்சி முடிந்தபின் கவனிப்பாரில்லாமல் கூரைகள் சரிந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். கட்டடக் கலைஞர் சிஸோம் அந்த வேலையில் ஈடுபட்டார். பிறகு மாவட்ட நீதிமன்றங்கள் இங்கே இயங்கின. 1970 வரை வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நடமாடிய இடம் இது. கலை மதிப்பைவிட, ஏதோ ஒரு வேலைக்குப் பயன்பட்டதே இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். பயன்படாத மதுரைக் கோட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரைத் தாங்குகின்றன. மகாலுக்கு அருகிலுள்ள விளக்குத்தூண், இடித்தவருக்கு ஊரார் வைத்த நினைவுச்சின்னம்!

உள்ளே நுழைந்ததும் திறந்த முற்றம். சுற்றிலும் வரிசை வரிசையாகத் தூண்கள். மகாலில் உள்ள தூண்கள் 248 என்பது வழக்கமான கணக்கு. ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். மேற்பூச்சு, சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சாந்து. கை படாத உயரத்தில் அது இன்றும் பளிங்குபோல மின்னுகிறது. கை எட்டும் உயரத்திலோ, காதலர் பெயர்களும் தேதிகளும் ஆணியால் கீறப்பட்டுக் கிடக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் பல மடிப்பு வளைவுகள், யாளிகள், சுதை உருவங்கள், நடுவில் எண்கோணக் குவிமாடம். மேற்கே அரியணை மண்டபம். வளைவும் குவிமாடமும் இஸ்லாமியக் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. யாளியும் சுதையும் கோயிலிலிருந்து வந்தவை. ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டில் இந்தத் தூண்களைப் பார்த்தவர்கள்தாம் ஏராளம். அருங்காட்சியகம் நாடகசாலைப் பக்கம்: மதுரை வட்டாரத்துக் கற்சிற்பங்கள், கல்வெட்டுகள். அந்தக் கூடத்தின் உயரத்துக்கு முன்னால் சிற்பங்கள் சற்றுச் சிறுத்தே தெரிகின்றன. முதன்மைக் காட்சிப்பொருள் கட்டடமேதான்.

ஏலமலை அடிவாரத்திலிருந்து, போடியிலோ பொட்டிபுரத்திலோ இருந்து வருபவருக்கு இந்த மகால் அந்நியமல்ல. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்த 72 பாளையங்களில் போடி என்கிற போடிநாயக்கனூரும் ஒன்று. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் பாளையத்துக்கு ஒன்றாகக் காவலுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பது மரபுச் செய்தி. பாளையக்காரர்கள் மன்னருக்குத் திறை கட்டி, கேட்டபோது படை அனுப்பினார்கள். கும்பினி ஆட்சியில் பாளையம் ஜமீனானது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்தது. போடி ஜமீன் அரண்மனையிலும் சுவரோவியங்கள் உண்டு. ராமாயணக் காட்சிகள் அவற்றில் முக்கியமானவை. அளவில் மகாலுக்கு ஈடில்லை என்றாலும், மகாலில் அழிந்துபோன வண்ணத்துக்கு அங்கே சாட்சி கிடைக்கிறது.

இந்தச் சீமையின் பழமை பாளையத்தோடு தொடங்கவில்லை. 2006இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த அந்தவன் என்ற வீரனுக்கு எடுத்த கல்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 1928இல் வந்தது. அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடி வரை ஓடத் தொடங்கியது. மதுரை ரயில் நிலையத்திலிருந்து மகாலுக்கு ஆட்டோவில் சிறிது நேரம், நடந்தும் போய்விடலாம்.