சுவான்சௌவில் ஒரு கப்பலும் நம்ம கல்வெட்டும்

ஆணி பிடுங்க சீனாவுல சியாமென் நகரத்துக்கு அனுப்பி வெச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை ரூம்ல கிடக்க மனசில்லாம பக்கத்து ஊர் சுவான்சௌவுக்கு ரயில் ஏறிட்டேன். "சீனாவுல சிவன் கோயில்"னு நாமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்வோமே, அந்த ஊர்தான். நம்மாளுங்க தடயத்தைப் பார்த்து காலரைத் தூக்கி விட்டுக்கலாம்னு போனவனை ஒரு கப்பல் பிடிச்சு நிறுத்திடுச்சு.

காய்யுவான் கோயில் வளாகத்துக்குள்ளேயே பழைய கப்பலுக்குன்னு ஒரு காட்சிக்கூடம் இருக்கு. 1974ல ஹௌசூ துறைமுகச் சேத்துலேர்ந்து தோண்டி எடுத்தது. மேல்தளம், பாய்மரமெல்லாம் போயாச்சு. மிச்சமிருக்கிற அடிப்பாகமே 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உள்ளே 12 தடுப்பு, 13 அறை. ஒரு அறையில ஓட்டை விழுந்தாலும் கப்பல் தாக்குப் பிடிக்கும். (நான் எழுதுற கோடுல ஒரு மாட்யூல் விழுந்தா மொத்தமும் படுத்துக்கும், அது வேற கதை :-))

சரக்கு? வாசனைக் கட்டையே 2 டன்னுக்கு மேல. அப்புறம் மிளகு, பாக்கு, சோழி. கூடவே 96 மரச்சீட்டு. எந்த மூட்டை யாரோடதுன்னு தெரிய எழுதிக் கட்டினது. அதுல சிலதுல 'தெற்குக் குடும்பம்'னு இருக்காம். சோங் அரச வம்சத்தோட ஒரு கிளை இந்த ஊர்லதான் குடியிருந்துச்சு. இது அவங்க சரக்குதான்னு ஆய்வாளர்கள்ல ஒரு கட்சி சொல்லுது.

இங்கதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. கப்பல்ல கிடைச்ச 504 காசுல கடைசியா வார்த்தது 1271ல. அதனால மூழ்கினது 1277 வாக்குலன்னு கணிக்கிறாங்க. சரியா அந்தச் சமயம், 1276-77ல, ஊர்த் துறைமுகத்தையே கையில வெச்சிருந்த வணிகர் பு ஷோகெங் மங்கோலியர் பக்கம் சாஞ்சுட்டார். சோங் வம்சத்து ஆளுங்க இதே ஊர்ல கொத்துக் கொத்தா வெட்டுப்பட்டாங்க. அந்தக் கணிப்பு சரின்னா, சரக்கு கரை வரைக்கும் வந்துடுச்சு, வாங்கிக்கத்தான் ஆளில்ல.

இப்ப நம்ம பெருமைக்கு வருவோம். 1956ல இந்த ஊர்ல கிடைச்ச தமிழ்க் கல்வெட்டோட காலம் 1281. சம்பந்தப் பெருமாள்ங்கிறவர், கானோட உடம்பு நல்லா இருக்கணும்னு சிவனை எழுந்தருளப் பண்ணினார்னு சொல்லுது. அப்ப ஆண்டவர் குப்லாய் கான். அதாவது படுகொலை நடந்து நாலே வருஷம்!

இந்த நாலு வருஷக் கணக்கை இத்தனை நாள் நான் போட்டுப் பார்த்ததே இல்ல. தப்புன்னும் சொல்ல வரல. கடல் தாண்டி வந்த வியாபாரிக்கு, யாரு ஆண்டாலும் துறைமுகம் திறந்திருக்கணும். ஆனா இனிமே காலரைத் தூக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

வந்த வேலை மறந்தே போச்சு. இதே கோயில்ல பிரதான மண்டபத்துக்குப் பின்னாடி கிருஷ்ணன் செதுக்கின ரெண்டு தூண் இருக்கு. மூடுற நேரத்துல ஓடிப்போய்ப் பார்த்தேன். இருட்டிடுச்சு, படம் சரியா வரல.