744க்கு 744: ஒரு ஸ்கோர் அட்டையின் வரலாறு

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் இங்கே பேசவிருப்பது ஆட்டத்தைப் பற்றியன்று, அது விட்டுச்சென்ற ஆவணத்தைப் பற்றி. கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் வாசிக்கப் பழகிய நாம், ஒரு ஸ்கோர் அட்டையையும் அவ்வாறே வாசித்துப் பார்க்கலாம்.

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574, பிறகு 5 விக்கெட்டுக்கு 170. இருமுறையும் டிக்ளேர் செய்தது. இந்தியா 397, பிறகு 347. கூட்டினால் இருபுறமும் 744. இதுவரை ஆடப்பட்ட 2500க்கும் மேற்பட்ட டெஸ்ட் ஆட்டங்களில் இவ்வாறு 'டை' ஆனவை இரண்டே. மற்றொன்று 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. அங்கே இருபுறமும் 737. அதில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர்.

ஸ்கோர் ஏடு நம்மூர்ப் பேரேட்டின் உறவினர். மட்டையாளர் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் அவர் கணக்கில் வரவு, பந்துவீச்சாளர் கணக்கில் பற்று. உதிரிகளுக்குத் தனி வரி. இரண்டும் பொருந்தினால்தான் ஏடு முடியும். சேப்பாக்கத்தை எட்டிக்கூடப் பார்த்திராத அம்பத்தூர், ஆவடி வாசகரும் மறுநாள் நாளிதழின் கட்டத்தைக் கொண்டு ஐந்து நாள் ஆட்டத்தையும் மனத்துக்குள் ஆடிப் பார்க்க முடிந்தது இந்த ஒழுங்கினால்தான்.

ஆனால் கூட்டுத்தொகையோடு நின்றுவிடும் வாசகர் ஏமாந்துபோவார். ஆஸ்திரேலியா 744 எடுக்க இழந்தது 12 விக்கெட். இந்தியா இழந்தது 20. விக்கெட்டுக்கு 62 ஓட்டங்கள் ஒருபுறம், 37.20 மறுபுறம். கடைசி நாள் காலையில் மேற்கொண்டு ஆடாமல் 348 என்ற இலக்கை வைத்த ஆலன் பார்டரின் துணிவு இல்லையேல் இந்தச் சமன் இல்லை. மூன்றாம் நாள் முடிவில் 7 விக்கெட்டுக்கு 270 என்றிருந்த இந்தியாவை, ஃபாலோ ஆனைத் தவிர்க்கத் தேவையான 375ஐக் கடக்கவைத்த கபில்தேவின் 119 இல்லையேலும் இல்லை.

அட்டை சொல்லாதவையும் உண்டு. டீன் ஜோன்ஸ் 210 என்பது ஓர் எண். சென்னை வெயிலில் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்று, ஆடுகளத்திலேயே வாந்தியெடுத்து, ஆட்டமிழந்தபின் மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொண்ட உடல் அந்த எண்ணுக்குள் இல்லை. 2020 செப்டம்பர் 24 அன்று ஜோன்ஸ் மும்பையில் காலமானபோது உலகமெங்கும் நினைவுகூரப்பட்டது அந்த 210தான்.

இறுதி ஓவரில் தேவை நான்கு ஓட்டங்கள். கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. ஸ்கோர் சமம், இனி இந்தியா தோற்க முடியாது. ஆனால் எஞ்சிய மூன்று பந்துகளையும் சந்திக்க வேண்டியவர் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங். ஒன்றைத் தடுத்தார். அடுத்தது, ஓவரின் ஐந்தாம் பந்து, காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். அட்டையில் ஏறியது: எல்.பி.டபிள்யூ., மேத்யூஸ், 0.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்பது மணிந்தரின் வாதம். மறுபரிசீலனைக்கு அன்று தொலைக்காட்சி நடுவர் கிடையாது. அந்த ஏற்பாடு வந்தது 1992இல். விக்ரம்ராஜு அதன்பின் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை.

நடந்தது என்ன என்று ஸ்கோர் அட்டை சொல்வதில்லை. என்ன தீர்ப்பளிக்கப்பட்டது என்றே சொல்கிறது. நம் வரலாற்று ஆவணங்கள் பலவும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. அதற்குக் கீழே பெயர் பதிவான மனிதருக்கோ அது நேராவதில்லை. 744க்கு 744 என்று வியக்கும்போது, அட்டையின் ஓரத்தில் இருக்கும் அந்த நடுவரின் பெயரையும் நாம் வாசிக்க வேண்டும்.