மாவு மூட்டையும் ரொட்டி அடுப்பும்

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் வடபகுதியில் லாங்கஷயர் ஜில்லாவைச் சேர்ந்த ராச்டேல் என்னும் நெசவு நகரத்தில், டோட் லேன் தெருவிலிருந்த பழைய கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஏழைத் தொழிலாளர்கள் சிலர் திறந்து வைத்த கடையில், விற்பனைக்கு இருந்த சரக்குகள் ஐந்தே: கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. இன்று உலகமெங்கும் கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடமென்று போற்றப்படும் இந்தக் கடையின் விதிகளையும் அதன் ஜனநாயக நிர்வாகத்தையும் பற்றி எத்தனையோ பேர் விரிவாக எழுதியிருக்கிறார்கள்; அந்தச் சரக்குப் பட்டியலில் ரொட்டி இல்லை என்பது அதே அளவு கவனிக்கத் தக்கது என்பது என் அபிப்பிராயம். ரொட்டியையே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஜனங்கள், காலணா அரையணாவாகச் சேர்ப்பதுபோல் வாரந்தோறும் சில்லறைக் காசு சேர்த்துத் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்ட கடையில் ரொட்டியை வைக்காமல் மாவை வைத்தார்கள் என்றால், அவர்கள் வீடுகளில் ரொட்டி சுடும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். மளிகைச் செலவைக் குறைக்க அவர்கள் கண்ட வழி கடையில் பாதியும் அடுப்பங்கரையில் பாதியுமாக இருந்தது.

இங்கிலாந்தில் ரொட்டியின் விலை வெகுகாலம் அரசாங்கத்தின் கவலையாகவே இருந்துவந்தது. மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில், 1266ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்ட சட்டம் ஒன்று ரொட்டியின் விலையை மாற்றாமல் அதன் எடையை மாற்றியது. கோதுமை மலிந்தால் ஒரு பென்னி ரொட்டி பெருக்கும், கோதுமை ஏறினால் அதே ஒரு பென்னி ரொட்டி சிறுக்கும். எடை குறைத்து விற்றவனுக்கு அபராதமும் அவமானத் தண்டனையும் உண்டு. லண்டனில் முன்னதாகவும், நாட்டின் ஏனைய பகுதிகளில் 1836லும் இந்த ஏற்பாடு எடுபட்டுப் போயிற்று. அதன் பிறகு வாங்குகிறவளுக்குத் துணையாக நின்றவை அவளுடைய கண்ணும் கையும்தான்.

இதற்கு ஒரு தலைமுறை முன்பே, ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை எழுத்தில் பதிக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. பார்க்ஷயர் ஜில்லாவில் பார்க்கம் என்ற கிராமத்தின் பாதிரியாராக இருந்த டேவிட் டேவீஸ், விவசாயக் கூலிகளின் வீடுகளில் மாவுக்கு இவ்வளவு, பன்றியிறைச்சிக்கு இவ்வளவு, சோப்புக்கும் நூலுக்கும் இவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டெழுதி, அக்கணக்குகளை 1795இல் நூலாக வெளியிட்டார். சர் பிரெடரிக் ஈடன் என்ற பிரபு அதே விஷயத்தை நாடு முழுவதும் விசாரித்து, 1797இல் மூன்று பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். வடக்கத்தி ஏழை ஓட்ஸ் கஞ்சியும் பார்லி ரொட்டியும் சூப்பும் உண்டு சிக்கனமாக வாழ்கிறான்; தெற்கத்தி ஏழையோ கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டியையும் தேநீரையும் விடமாட்டேன் என்கிறான் என்பது ஈடன் கண்ட வித்தியாசம். கண்டது மெய்தான்; ஆனால் அதற்கு அவர் பழக்கத்தையும் பிடிவாதத்தையும் காரணமாகக் கொண்டதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கஞ்சி கொதிக்கவும் சூப்பு வேகவும் விறகு வேண்டும். கஞ்சியோடு சேர்த்துக்கொள்ளப் பால் வேண்டும். பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது தெற்கத்தி ஏழை சுள்ளி பொறுக்கிய காடும் அவன் மாடு மேய்ந்த புல்வெளியும் கைவிட்டுப் போயின. வடக்கிலோ நிலக்கரி பூமியிலிருந்து தோண்டத் தோண்ட வந்து மலிவாகக் கிடைத்தது. கூலிக்காரர்களோடு அன்றாடம் பழகிய டேவீஸுக்கு இது தெரிந்திருந்தது. தேநீர் அந்த ஏழைகளின் ஆடம்பரமன்று, பாலையும் பீரையும் இழந்தவர்களின் கடைசிப் புகலிடம் என்று அவர் வாதாடினார்.

வில்லியம் காபெட்டின் புகழ்பெற்ற குடிசைச் சிக்கன நூல் 1821, 1822ஆம் ஆண்டுகளில் சிறுசிறு பகுதிகளாக வெளிவந்தது. உழவனின் மகனாகப் பிறந்து, பத்திரிகாசிரியராகி, எழுதியதற்காகச் சிறையும் புகுந்த அம்மனிதர், ஒவ்வொரு கூலிக்காரனின் மனைவியும் ரொட்டியை வீட்டில் சுடவேண்டும், பீரை வீட்டில் வடிக்கவேண்டும், ஒரு பன்றியாவது வளர்க்கவேண்டும் என்று ஆவேசத்தோடு எழுதினார். ரொட்டியையும் பீரையும் அவர் சேர்த்துப் பேசியதற்குத் தக்க காரணம் உண்டு. மாவைப் புளிக்கவும் உப்பவும் செய்யும் ஈஸ்ட் அக்காலத்தில் பீர்த் தொட்டியின் நுரையிலிருந்தே வழித்தெடுக்கப்பட்டது. பீர் வடிக்க முளைகட்டிய தானியத்தின்மீது விதித்த வரியால் வீட்டில் பீர் வடிப்பது நின்றபோது, ரொட்டி சுடுவதற்கான நுரையும் வீட்டைவிட்டுப் போயிற்று. ஒரு வரி இரண்டு கைத்தொழில்களைக் கொன்றது.

வீட்டில் சுடுவதில் உள்ள ஆதாயத்துக்குக் கணக்கு எளியது. 280 ராத்தல் கொண்ட ஒரு சாக்கு மாவிலிருந்து நாலு ராத்தல் ரொட்டிகள் ஏறத்தாழ 90 கிடைக்கும், அதாவது 360 ராத்தல் ரொட்டி. அதிகப்பட்ட 80 ராத்தலும் தண்ணீர். மாவுக்கும் ரொட்டிக்கும் ராத்தல் ஒரே விலையாக இருந்தாலுங்கூட, ரொட்டி வாங்குகிறவள் அந்தத் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறாள். மாவு வாங்குகிறவள் தன் வீட்டுக் குடத்திலிருந்து அதை ஊற்றிக்கொள்கிறாள். கரி மலிவாக இருக்குமிடத்தில் இது லாபம். கரி கிராக்கியான இடத்தில் லாபம் அடுப்பிலேயே எரிந்துவிடும்.

விலையைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. கடை ரொட்டி வெளுப்பாகவும் பருமனாகவும் தோன்றவேண்டி, ரொட்டிக்காரர்கள் மாவில் படிகாரம் கலந்தார்கள். லண்டனில் ரசாயன நிபுணராக இருந்த பிரெடரிக் ஆக்கம் 1820இல் ஒரு நூலெழுதி இக்கலப்படங்களை அம்பலப்படுத்தினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு டாக்டர் ஆர்தர் ஹில் ஹாஸல், நுண்ணோக்கியின் துணைகொண்டு லண்டன் கடைத்தெருச் சரக்குகளைப் பரிசோதித்துத் தம் முடிவுகளை லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையில் கடைக்காரர்களின் பெயரும் விலாசமும் சேர்த்தே வெளியிட்டார். உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் முதல் பொதுச்சட்டம் 1860இல் வந்தது. பல்லுள்ள சட்டம் 1875இல்தான் வந்தது. அதுவரையில், தான் உண்ணும் ரொட்டியில் என்ன இருக்கிறதென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவள் அதைத் தன் கையால் பிசைந்தவள் ஒருத்தியே. அவளுக்கும் மாவு நல்ல மாவாக அமையவேண்டும்.

வடக்கத்தித் தொழிலாளர் வீட்டில் வாரத்தில் ஒருநாள் துணி வெளுப்பதற்கென்றும், ஒருநாள் இஸ்திரி போடுவதற்கென்றும், ஒருநாள் ரொட்டி சுடுவதற்கென்றும் ஒதுக்கியிருந்தது. ரொட்டி நாளன்று காலையிலேயே, உட்புறம் மெருகிட்ட அகன்ற மண் தொட்டியில் மாவைக் கொட்டி, நடுவில் குழித்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்த நுரையை அதில் ஊற்றி, ஓரத்து மாவைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளிழுத்துப் பிசைவாள் வீட்டுத் தலைவி. கையில் ஒட்டாமல் மாவு வழுவழுப்பாகத் திரண்டதும், தொட்டியின்மேல் ஈரத்துணியைப் போர்த்திக் கணப்பின் எதிரே வைத்துவிடுவாள். அந்த இடத்தில் குளிர்காற்று படக்கூடாது. வாசற்கதவைத் திறந்துபோட்டு ஓடும் குழந்தைகளுக்கு அன்று வசவு நிச்சயம். மாவு இருமடங்காக உப்பியபின் மறுபடி பிசைந்து, தகர அச்சுக்களில் இட்டு, இரண்டாம் முறை உப்பவிட்டு, கணப்பின் பக்கத்திலே பொருத்தியிருக்கும் இரும்பு அறைக்குள் தள்ளுவாள். அதன் சூட்டை அளக்கக் கருவி கிடையாது. உள்ளே ஒரு சிட்டிகை மாவைத் தூவி அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்ப்பாள், அல்லது கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்கிறதென்று பார்ப்பாள். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடிப்புறத்தை விரல் முட்டியால் தட்டினால் வெற்றுப் பானையின் ஓசை வரவேண்டும். தொட்டியில் ஒட்டியிருந்த மிச்ச மாவும் வீணாகாது. அதைத் தட்டையாகத் தட்டி அறையின் அடித்தளத்திலேயே போட்டெடுத்துச் சூட்டோடு வெண்ணெய் தடவிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். வாரம் முழுவதற்கும் வேண்டிய ரொட்டி அன்றே தயாராகிவிடும். கணப்பு எப்படியும் குளிருக்காக எரிகிற கணப்புத்தான். ரொட்டிக்கென்று தனியாகச் செலவிடும் கரி சொற்பம்.

இத்தகைய வீடுகளுக்கு வேண்டியிருந்தவை கலப்படமில்லாத மாவும் சரியான எடையும். அவற்றைப் பெற முடியாதபடி தடுத்து நின்றது கடன். வாரக் கூலி வருமுன் கையிருப்புத் தீர்ந்த குடும்பம் மளிகைக்காரனிடம் கணக்கு வைத்துக்கொண்டது. கணக்கு வைத்த பிறகு அவன் கொடுத்த சரக்கை அவன் சொன்ன விலைக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை, எடைக்கல்லைப் பற்றிக் கேள்வி கேட்கவும் வாயெழாது. ராச்டேல் தொழிலாளர்கள் ஆளுக்கொரு பவுனாக 28 பவுன் மூலதனத்தை, வாரம் இரண்டு பென்னி, மூன்று பென்னியாகச் சேமித்துச் சேர்த்தார்கள். கடை திறந்த இரவில் ஆலைச் சிறுவர்கள் தெருவில் கூடி நின்று கூச்சலிட்டுப் பரிகாசம் செய்தார்கள் என்று அச்சங்கத்தின் சரித்திரத்தை எழுதிய ஹோலியோக் கூறுகிறார். பரிகாசத்தைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் கடைப்பிடித்த விதிகளுள், அடுப்பங்கரையை நேரே தொட்டவை மூன்று: ரொக்கத்துக்கே விற்பனை, கடன் கிடையாது; சரக்கு சுத்தம், எடை முழுமை; மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த விகிதத்தில் வாங்கினவருக்கே திருப்பிக் கொடுத்தல். மூன்றாவது விதியில் ஒரு நுட்பமிருக்கிறது. அன்றாடம் மாவும் வெண்ணெயும் வாங்குவதிலேயே சேமிப்பும் தானாக நடந்தேறியது. பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கவும் குளிர்காலத்துக்குக் கம்பளி வாங்கவும் அந்தப் பங்குத் தொகை உதவிற்று. பெண்களும் அங்கத்தினராகச் சேரலாம் என்ற ஏற்பாடு, மனைவியின் சொத்து கணவனுடையதே என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் செய்யப்பட்டது.

நல்ல மாவு கிடைக்கவேண்டுமானால் ஆலையும் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று கண்டு, 1850இல் ராச்டேலில் ஒரு கூட்டுறவு மாவாலையைத் தொடங்கினார்கள். அப்போது ஒரு விபரீதம் நேர்ந்தது. கலப்பில்லாத மாவின் இயற்கை நிறத்தை அந்நகரத்தார் கண்டறியாதவர்கள். வெளுப்பேற்றிய மாவையே நெடுங்காலம் பார்த்துப் பழகியதால், தங்கள் சொந்த ஆலையிலிருந்து வந்த சுத்த மாவை மட்டமென்று ஒதுக்கினார்கள். ஜனங்கள் அதை ஏற்றுக்கொள்ள நாள் பிடித்தது. ஏமாற்றுக் கடைக்காரன் பணத்தை மட்டும் அபகரிக்கவில்லை, நல்லதை நல்லதென்று அறியும் கண்ணையும் கெடுத்துவிட்டான் என்பதை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

ராச்டேல் முறை கடல் கடந்து நம் சென்னைக்கும் வந்தது. 1904இல் திருவல்லிக்கேணியில், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய நண்பர்கள் சிலர் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையை நிறுவினார்கள். இந்தியாவில் இத்துறையில் முதலாவதென்று எண்ணப்படும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அதுவே. அதன் தொடக்க காலத்தில் உழைத்தவர்களுள் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரும் ஒருவர். ரொட்டி அடுப்பு நம் வீடுகளில் இருந்ததில்லை. ஆனால் மிளகாயையும் மல்லியையும் முழுதாக வாங்கி வெயிலில் காயவைத்து வீட்டு உரலில் இடித்துக்கொண்ட கிருஹிணி, மாவு வாங்கிய ராச்டேல் பெண் கருதிய மலிவு, சுத்தம் என்ற அதே இரண்டு நன்மைகளைத்தான் கருதினாள்.

இவ்வளவு சிறந்த வழி எல்லாருக்கும் கைகூடியதா என்ற கேள்விக்கு, தென் லண்டனில் லாம்பெத் பகுதியிலிருந்து பதில் வந்தது. 1909 முதல் சில ஆண்டுகள், சோஷலிஸ்டுகளின் பேபியன் சங்கத்தைச் சேர்ந்த மாதர் குழுவினர் அங்கே வாரம் ஏறக்குறைய ஒரு பவுன் வருமானத்தில் குழந்தைகளை வளர்த்த குடும்பங்களுக்கு வாராவாரம் சென்று செலவுக் கணக்கைக் கேட்டெழுதினார்கள். மாட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையார் 1913இல் அதை நூலாக்கினார். அந்தத் தாய்மார்கள் ரொட்டியைக் கடையில்தான் வாங்கினார்கள். வாடகை வருமானத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிட, கரியைச் சிறுகச் சிறுக அதிக விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. அடுப்பு பழுது, பாத்திரம் ஒன்றிரண்டு, மாவு மூட்டையை வைக்க உலர்ந்த இடமில்லை, மூட்டையாக வாங்க மொத்தமாகப் பணமுமில்லை. சமைக்க வேண்டாத, தட்டும் கரண்டியும் கேட்காத, குழந்தைகள் மனமுவந்து உண்ணும் பண்டம் ரொட்டி ஒன்றுதான். ஏழைகளுக்குக் குடித்தனம் நடத்தத் தெரியவில்லை, அவர்களுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கவேண்டும் என்று அக்காலத்துத் தர்மவான்கள் உபதேசித்து வந்தார்கள். ஒரு பென்னியும் தவறாமல் கணக்கெழுதிய அப்பெண்களை நேரில் கண்டறிந்த ரீவ்ஸ் அம்மையார் தம் நூலில் வற்புறுத்திக் கேட்டவை, தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியும், குழந்தைகளின் போஷணைக்கு அரசாங்கத்தின் பணமும்.