மூச்சும் கடிகாரமும்: சடுகுடுவில் பாடிப் போகிறவர் மாறிய வரலாறு

நம் புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் 'பாயிண்ட் கார்டு' என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். அமெரிக்கக் கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர், அணியின் மூளை. அதே பிள்ளைகளிடம் சடுகுடுவில் பாடிப் போகிறவருடைய வேலை என்ன என்று கேட்டால், "ரைடர்தானே தாத்தா, தொட்டுட்டு ஓடி வரணும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டுக்கு நேர்ந்தது எதுவோ, அதுவேதான் நம்ம ரைடருக்கும் நேர்ந்திருக்கிறது. அதிலும் இந்தக் கதையில் நாம் பிறந்த தமிழ்நாட்டுக்கும், நாம் பிழைக்க வந்த மகாராஷ்டிரத்துக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பதால் நம் சங்க மலருக்கு இது பொருந்தும் என்று நினைத்தேன்.

முதலில் பெயர்க் கதையைத் தீர்த்துவிடுவோம். 'கைப்பிடி' என்ற தமிழ்ச் சொல்லே கபடி ஆயிற்று என்று நம்மவர்கள் மேடைதோறும் சொல்லுவார்கள். மராத்திய நண்பர்களோ அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் தனியாகப் புகுந்ததுதான் முதல் ரைடு என்பார்கள். இரண்டும் கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் காட்டியவரை நான் பார்த்ததில்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தமிழ்நாட்டில் சடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு என்று ஒரே ஆட்டம் பல பேரில் ஊர் ஊராக ஆடப்பட்டது. எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்தது மூச்சு ஒன்றுதான்.

எங்க வந்தவாசிப் பக்கத்துக் களத்துமேட்டில் நான் சின்ன வயதில் பார்த்த ஆட்டத்தில் கடிகாரம் என்ற பேச்சே கிடையாது. பாடிப் போகிறவன் நடுக்கோட்டில் மூச்சை இழுத்துப் பிடித்து, பாட்டை எடுத்துவிட்டு உள்ளே போவான். வெறும் 'சடுகுடு சடுகுடு' என்று சொல்லுகிறவனும் உண்டு; எதிராளியைக் கேலி செய்து இரண்டடி கட்டிப் பாடுகிறவனும் உண்டு. பாட்டு அறுந்தால் ஆள் அவுட். ஆகவே நீளமான மூச்சு உள்ளவனே நல்ல ஆட்டக்காரன். உடம்பு பெரிதாக இருந்து மூச்சு குட்டையாக இருந்தால் அவனைப் பிடிக்கிற பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு நேரம் உள்ளே நிற்கலாம் என்பதை அவனவன் நுரையீரலே தீர்மானித்தது.

இந்தப் பல பேர் ஆட்டத்துக்கு எழுத்தில் சட்டம் போட்டுக் கொடுத்ததில் மகாராஷ்டிரத்துக்கே முதல் மரியாதை. நாம் தினமும் கடந்து போகிற டெக்கான் ஜிம்கானா 1906இல் தொடங்கியது. கோ-கோ ஆட்டத்துக்கு 1914இல் விதிகளை வகுத்தது அங்கேதான். ஹுதுதுவுக்கும் அதை ஒட்டிய ஆண்டுகளில் மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் விதிகள் வகுக்கப்பட்டன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் வீரர்கள் அங்கே போய் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் அமைந்தது. பழைய ஆட்டத்தில் மூன்று வகை சொல்லுவார்கள். சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் நம்ம பக்கம் வெளியே உட்கார்ந்தவரில் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். காமினியில் போனவர் போனவர்தான். அமரில் யாரும் வெளியேறுவதே இல்லை, புள்ளி மட்டும் ஏறும். மூன்றில் சஞ்சீவனியே நிலைத்தது. இழந்த முதலை மீட்க வழி இருக்கிற வியாபாரம்தான் நீடிக்கும் என்று என் போன்ற கடைக்காரனுக்குத் தோன்றும்.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்க ஆட்டமாகி, இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் தமிழ்நாட்டின் ராஜரத்தினமும் இருந்தார், மகாராஷ்டிரத்தின் அசோக் ஷிண்டேயும் இருந்தார். இருவருக்கும் 1994ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. அடுத்து 1994 ஹிரோஷிமா ஆட்டத்தில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடிச் சீமையின் மணத்தி கணேசன். 1995க்கான அர்ஜுனா அவருக்கு. அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2025இல் மாரி செல்வராஜ் 'பைசன்' படத்தை எடுத்தார். அந்தத் தலைமுறைக்குக் கபடி தந்தது பணம் அல்ல, உத்தியோகம். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதைக் கொண்டு தங்கைக்குக் கல்யாணம், ஊரில் ஒரு மெத்தை வீடு. நிலமில்லாத வீட்டுப் பையனுக்கு மூச்சே மூலதனமாக இருந்தது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். அதற்கு ஒரு நிமிஷம் அமெரிக்கா போய் வர வேண்டும். 1950 நவம்பர் 22 அன்று அங்கே தொழில்முறைக் கூடைப்பந்தில் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் அணியை வென்றது. ஸ்கோர் என்ன தெரியுமா? 19க்கு 18. முழு ஆட்டத்திலும் அவ்வளவுதான்! காரணம், பந்து கையில் இருக்கிற அணி அதை எறியாமலே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம். அன்றைய கார்டுகளின் பெரிய திறமையே பந்தைப் பறிகொடுக்காமல் தட்டிக்கொண்டிருப்பதுதான். பாஸ்டன் அணியின் பாப் கூசி அதில் மன்னர். பார்க்கிறவன் காசு கொடுத்து இதையா பார்ப்பான்? 1954இல் 24 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளி ஒரே ஆண்டில் 79.5இலிருந்து 93.1 ஆனது. பந்தைக் காப்பவராக இருந்த பாயிண்ட் கார்டு, பந்தைப் பங்கிடுபவராக ஆனார். 1979இல் மூன்று புள்ளிக் கோடு வந்தது. அதே ஆண்டு 6 அடி 9 அங்குல உயரமுள்ள மேஜிக் ஜான்சன் பாயிண்ட் கார்டாக வந்து, குள்ளமானவருக்கே அந்த இடம் என்ற எண்ணத்தை உடைத்தார். ஸ்டீபன் கரி 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கூடைகளைத் தானே போட்டு, பங்கிடுகிறவரே பெரிய எறிகாரர் என்று ஆக்கிவிட்டார். 2023இல் டென்வர் அணி கோப்பை வென்றபோது அந்த அணியின் மூளையாக இருந்த நிக்கோலா யோக்கிச் கார்டே அல்ல, நடுவில் நிற்கும் நெட்டையர். ஒருவரிடம் இருந்த வேலை எல்லார் கைக்கும் போய்விட்டது.

இப்போது நம்ம பாய்க்கு வாருங்கள். மண்தரை போய்ப் பாய்த்தரை வந்துவிட்டது அல்லவா! 2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளோடு புரோ கபடி லீக் தொடங்கியது. அவற்றில் நம் ஊரின் புனேரி பல்டனும் ஒன்று. மறு ஆண்டே லீக்கின் 74 சதவீதப் பங்கைத் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்டார் வாங்கியது. ஒரு ரைடுக்கு 30 விநாடி. 'கபடி கபடி' என்று சொல்ல வேண்டும் என்பது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எல்லை போட்டது மூச்சு அல்ல, திரையில் ஓடும் கடிகாரம். நீள மூச்சுக்காரனுக்கு இருந்த தனி லாபம் போயிற்று.

முப்பது விநாடி நின்றுவிட்டுச் சும்மா திரும்பி வரலாமே என்று கேட்பீர்கள். கடை திறந்தும் போணி ஆகாத நாள் மாதிரி அது, வெறும் ரைடு. முன்னிலையில் இருக்கிற அணி இதையே செய்து நேரத்தைத் தள்ளும், அமெரிக்காவின் 19-18 கதைதான். அதற்கு மருந்தாக வந்ததுதான் 'டூ ஆர் டை' ரைடு: தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாடிப் போனவர் அவுட். கூடைப்பந்தின் 24 விநாடிக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். கூடவே, பிடிக்கிற பக்கம் மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் இரண்டு புள்ளி தரும் சூப்பர் டேக்கிள். ஆட்டம் விறுவிறுப்பானதை மறுக்க முடியாது. இந்தக் கடிகாரத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. அது இல்லாவிட்டால் பாலேவாடி அரங்குக்குக் குடும்பம் குடும்பமாக யார் போயிருப்பார்கள்?

முதல் சில ஆண்டுகளில் இந்தச் சட்டங்கள் தனி நட்சத்திரத்தை வளர்த்தன. உச்சம் பர்தீப் நர்வால். பிடிக்க வருகிறவர்கள் கைக்கு அடியில் குனிந்து நழுவும் 'டுப்கி'யை வைத்து 2017 பருவத்தில் 369 ரைடு புள்ளிகள். ஹரியானாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 34. பாட்னா மூன்று முறை தொடர்ந்து கோப்பை எடுத்தது. அந்த மூன்றில் நடுக் கோப்பையை, 2016இல், தலைவராக இருந்து வாங்கியவர் நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் ரைடர் அல்ல, பிடிக்கிறவர். 41 வயதில் அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2017இல் புனேரி பல்டன் அவரை 46 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு தமிழர் கணுக்காலைப் பிடிக்கும்போது புனே அரங்கம் மராத்தியில் ஆர்ப்பரித்ததைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏலத் தொகையைப் பாருங்கள். 2014இல் பெருந்தொகைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத் என்ற ரைடருக்குக் கொடுத்தது 2.26 கோடி. அந்த வருஷம்தான் பாடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. பருவம் முழுக்க ஆடவில்லை. போட்ட முதல் மூழ்கியது என்று எல்லாரும் நினைத்தபோது, அதுவரை பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே கிடந்த தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்கு வந்தது! டிசம்பர் 15 அன்று எதிரே நின்றது யார்? புனேரி பல்டன். புனேத் தமிழர் வீடுகளில் அன்று அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. 39க்கு 37 என்று புனே வென்றது. என் பேரன் குதித்தான். நான் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதவில்லை.

2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானாவை 28-25 என்று வென்று புனேரி பல்டன் முதல் கோப்பை வாங்கியது. அந்தப் பருவத்தில் ரைடு புள்ளியில் முதலிடம் தில்லியின் ஆஷு மலிக்குக்கு. புனேயில் அப்படித் தனி மலை யாரும் இல்லை. அகமத்நகர் மாவட்டத்துப் பையன் அஸ்லம் இனாம்தார் தலைவர். அவர், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று ரைடு பங்கிடப்பட்டது. ஈரானின் ஷாத்லூயியை 2.35 கோடிக்கு எடுத்தார்கள். அவருடைய முதல் தொழில் பிடிப்பது, அவசியமானால் அவரும் பாடிப் போவார். வலப்பக்கக் காவலில் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன். பாயிண்ட் கார்டின் வேலை ஐந்து பேருக்கும் பரவிய அதே மாற்றம்தான் இது. தலைவாஸ் அணியில் பெயரைத் தவிரத் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி ஊரில் அடிக்கடி எழும். அந்தக் கோப்பையைத் தொட்ட தமிழ்க் கைகள் புனேக்கு ஆடிய கைகள் என்பது மட்டும் நிச்சயம்.

சட்டத்தை யார் எழுதுவது என்பது சின்ன விஷயம் இல்லை. 2023 அக்டோபர் 7, ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. பவன் ஒருவரையும் தொடாமல் எல்லைக்கு வெளியே கால் வைத்துவிட்டார். பிடிக்க வந்தவர்களும் பின்னாலேயே வெளியேறினார்கள். பழைய சட்டப்படி தீர்ப்பு ஒன்று, லீக் பழக்கிய புதிய சட்டப்படி வேறொன்று. சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. ஆனால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சட்டப் புத்தகம் இருந்ததை உலகமே பார்த்துவிட்டது. 1914இல் டெக்கான் ஜிம்கானாவில் உட்கார்ந்தவர்கள் ஊருக்கு ஊர் வேறாக இருந்ததை ஒன்றாக்கத்தான் பாடுபட்டார்கள். இப்போது தொலைக்காட்சிக்கு ஒன்று, தேசத்துக்கு ஒன்று.

இந்தப் பணப் பெருக்கில் இடமே கிடைக்காதவர்கள் பெண்கள். 2016இல் மூன்று அணிகளோடு ஒரு சோதனை ஆட்டம் நடத்தினார்கள். புரோ கபடி அதோடு அவர்களை விட்டுவிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் அணியை 27-24 என்று வென்ற ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கின் ஷைலஜா ஜெயின். (பெயரைப் பார்த்து எனக்கு உறவா என்று கேட்ட நண்பர்கள் உண்டு; இல்லை.) இங்கே வேலை கொடுக்காத திறமை அங்கே போய்த் தங்கம் எடுத்துக் கொடுத்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் துணைத் தலைவி சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா. நகரத்துக்கு நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதி அது. அதே மாதக் கடைசியில், அக்டோபர் 31 அன்று, ஆண்கள் லீக் இறுதியில் தில்லி புனேயை 31-28 என்று வென்றது. அங்கே ஆடியவர்களின் ஏலத் தொகை எல்லாருக்கும் மனப்பாடம். கார்த்திகாவுக்கு ஏலம் போட 2025இல் புரோ கபடியில் ஒரு பெண்கள் லீக் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது களத்துமேட்டில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செல்போனில் முப்பது விநாடி வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பாட்டு யாருக்கும் தெரியவில்லை. 'கபடி கபடி' மட்டுமே கேட்டது, அதுவும் பாதி வாய்க்குள். ஆனால் ஆட்டம் சுத்தமாக இருந்தது. மூன்றாவது ரைடுக்கு யாரை அனுப்புவது என்று ஏழு பேரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். நான் சின்ன வயதில் பார்த்த ஆட்டத்தில் அந்தப் பேச்சு கிடையாது. யாருக்கு மூச்சு இருக்கிறதோ அவன் போவான், அவ்வளவுதான்.